முழங்கால் உயரக் காடு

போடியில் ஏலக்காய் பொறுக்கும் பெண்களுக்குள் அலிமாவின் கண்ணைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. சல்லடை எட்டு மில்லிமீட்டர் பருமன் என்று ஒதுக்கிய காயை அலிமா ஏழரை என்று திருப்பிப் போட்டால் முதலாளி அளந்து பார்க்க மாட்டார். இருபத்திரண்டு வருடமாக அலிமா அந்தக் குடோன் தரையில் உட்கார்ந்திருக்கிறார். வெடித்தது, பூச்சி துளைத்தது, நிறம் மங்கியது என்று வேண்டாததை விரல் நுனியால் தள்ளிவிட்டு, நல்லதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். வேண்டாததை அகற்றினால் நல்லது மிஞ்சும் என்பதுதான் அந்த வேலை அவருக்குப் பழக்கிய ஒரே விஷயம். பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வீடு குரங்கணிக்கு மேலே. ஜீப்பு ரோடு முடியும் இடத்திலிருந்து கால் மணி நேரம் நடந்து ஏற வேண்டும். கணவர் ஹக்கீம் எஸ்டேட்டுகளுக்கு லோடு ஜீப்பு ஓட்டுகிறார். காலையில் அந்த ஜீப்பிலேயே போடிக்கு இறங்கி, மாலையில் அதிலேயே ஏறி வந்துவிடுவார் அலிமா. வீட்டைச் சுற்றி மூன்று ஏக்கர் பட்டா நிலம். கீழே ஏலமும் காப்பியும். மேலே வீட்டின் பின்சுவரை ஒட்டிச் செங்குத்தாக எழும் சரிவு. சரிவு முடிகிற இடத்தில் அரசாங்கக் காடு தொடங்குகிறது.

அந்தச் சரிவில் முன்பு பெரிய மரங்கள் நின்றன. வெள்ளகில், சந்தனவேம்பு, நாவல், இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற ஒரு பலா. பதினோரு வருடத்துக்கு முந்தைய கார்த்திகையில் அடித்த காற்று பாதி மரங்களைச் சாய்த்தது. மிச்சம் நின்றவை வீட்டின்மேல் விழுந்துவிடும் என்று பயந்து, ஹக்கீம் அனுமதி வாங்கி அவற்றையும் அறுத்துவிட்டார்.

"மொட்டையாக் கெடக்கே, எதையாச்சும் நடணும்ல?" என்று அலிமா கேட்டார்.

"விதை கெடக்கு, மழை இருக்கு. காடு தானா வரும் புள்ள. நாம என்னத்த நட?" என்றார் ஹக்கீம்.

அவர் சொன்னது போலவே அடுத்த மழைக்குச் சரிவெங்கும் முளை கிளம்பியது. கீழே ரோட்டில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "அண்ணே, காடு வந்துருச்சு" என்றார்கள். மறு வருடமும் சொன்னார்கள். அதற்கடுத்த வருடமும் சொன்னார்கள். சரிவு எப்போதும் பச்சையாகவே இருந்ததால், அது எப்போதும் ஒரே உயரத்தில் இருந்தது யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அலிமாவும் ஜெயபாக்கியமும் விறகு பொறுக்க மேலே ஏறினார்கள். ஜெயபாக்கியம் ஓடைக்கு அந்தப் பக்கம் பாறைமேல் வீடு கட்டித் தனியாக இருப்பவர். அறுபது வயது. ஆறு ஆடுகள் வைத்திருக்கிறார். அவருக்கு வாய் ஓயாது. பழைய பலா மரத்தின் அடிக்கட்டை அருகே கால் வழுக்கியபோது அலிமா ஒரு வேரை எட்டிப் பிடித்தார். கைப்பருமன் உள்ள வேர். அது டீயில் நனைத்த ரஸ்க் போலப் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. வேர் இருந்த இடத்தில் மண்ணுக்குள் குழாய் போல ஒரு பொந்து தெரிந்தது. அலிமா அதற்குள் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போனது.

"என்னத்தா, மண்ணுக்குள்ள கைய விட்டு என்னத்தத் தேடுற? புதையலா?" என்றார் ஜெயபாக்கியம்.

"வேரு பூராம் இத்துப்போச்சுக்கா."

"வெட்டி ஒம்பது வருசமாச்சு. இத்துப்போகாம பலாப்பழமா காய்க்கும்?"

"இம்புட்டு நாளு இந்த வேருதான மண்ணப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு? இனிமே எது புடிக்கும்?"

ஜெயபாக்கியம் சுற்றிலும் கையைக் காட்டினார். "அதான் இம்புட்டுக் கன்னு நிக்குதே."

அலிமா குனிந்து ஒரு கன்றைப் பார்த்தார். குடோனில் காயைப் பார்ப்பது போலப் பார்த்தார். உயரம் முழங்கால் அளவுதான். ஆனால் தண்டு கட்டைவிரலைவிடத் தடித்திருந்தது. பட்டை முதிர்ந்து வெடிப்பு விட்டிருந்தது. உச்சியில் ஒரு முடிச்சு, அதன் அருகே இன்னொரு முடிச்சு என்று தண்டு முழுக்க வீங்கிக் கிடந்தது. ஒவ்வொரு முடிச்சும் ஒரு வருடத்துக் குருத்து போன இடம். அலிமா எண்ணினார். எட்டு இருந்தது. கடைசியாகப் போன நுனி மட்டும் இன்னும் ஈரமாக, நார் நாராகத் தொங்கியது.

"இது கன்னு இல்லக்கா. எட்டு வயசு மரம்."

ஜெயபாக்கியம் அந்த நாரைத் தொட்டுப் பார்த்தார். "மிளா" என்றார். "அதுக்கு மேல்வாயில முன்பல்லு கெடையாது. கவ்வி இழுத்துப் பிய்க்கும். முயலுன்னா பிளேடு வச்சாப்ல இருக்கும்."

மிளா என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த பெரிய மான். மட்டக்குதிரை உயரம் இருக்கும். பொழுது சாயும்போது காட்டிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வரும். மலையேற வந்தவர்கள் ஜீப்பில் இருந்தால் ஹக்கீம் வண்டியை நிறுத்தி, "சத்தம் போடாமப் பாருங்க" என்று காட்டுவார். அவ்வளவு சாதுவான பிராணி ஒரு காட்டையே தலையெடுக்க விடாமல் ஒன்பது வருடம் பிடித்து வைத்திருக்கும் என்று யார் நினைப்பார்கள்? அலிமா அடுத்த கன்றைப் பார்த்தார். அதற்கடுத்ததைப் பார்த்தார். இருபது, முப்பது கன்றுகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நேர் கீழே அவர் வீட்டுத் தகரக் கூரை வெயிலில் மின்னியது. பழைய வேர்கள் போய்விட்டன. புதிய வேர்கள் எதுவும் ஆழத்துக்குப் போகவில்லை. இந்தச் சரிவை இப்போது நிறுத்தி வைத்திருப்பது எதுவென்று யோசித்தபடியே அவர் ஒவ்வொரு காலையும் அழுத்திப் பார்த்து ஊன்றிக் கீழே இறங்கினார்.

அன்று மாலை சொன்னபோது ஹக்கீம் சிரித்தார். "மானு தழை தின்னு மலை விழுகுமா? இத எந்த ஊர்ல கேள்விப்பட்ட?"

வனத்துறையில் காவலராக இருக்கும் தங்கபாண்டியனிடம் அலிமா கேட்டார். அவர் நல்ல மாதிரி. "அது மேல கைய வச்சா கேசுக்கா. ஒங்க நிலத்துல நீங்க வேலி போட்டுக்கங்க" என்றார். பாறையும் பள்ளமுமான அந்தச் சரிவில் வேலிக்கால் நட இரண்டு முழம் மண் சேர்ந்தாற்போல் எங்கேயும் இல்லை. காட்டுப்பன்றியை விரட்டக் கட்டுவது போலப் பழைய சேலைகளை மேல் எல்லையில் வரிசையாகக் கட்டிவிட்டார் அலிமா. மிளாக்கள் ஒரு வாரம் வரவில்லை. பிறகு வந்தன. மார்கழியில் ஒரு விடிகாலை ஜெயபாக்கியம் ஓடைக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார்.

"ஏ அலிமா! வெரசா வா! ஒன் பச்சைப் பூனம் சேலைய ஒருத்தன் தலப்பாக் கட்டிக்கிட்டு நிக்கிறான். ஒனக்கு இருந்ததவிட அவனுக்கு எடுப்பா இருக்கு!"

கொம்பில் சேலை சுற்றிய ஒரு கிடா மிளா சரிவின் நடுவில் நின்றது. அலிமாவும் சிரித்துவிட்டார். கல்லை எடுத்து வீசினார். அது ஓடவில்லை. சேலைத் தலைப்பு காற்றில் ஆட, அவரைப் பார்த்துக்கொண்டே ஒரு குருத்தைப் பிய்த்து மென்றது. அலிமாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

தை மாதம் அவருக்கு ஒரு நல்ல காலம் வந்தது. சரிவின் நடுப்பகுதியில் உன்னிமுள்ளும் இண்டுமுள்ளும் பின்னிக்கொண்டு ஒரு பெரிய புதர் இருந்தது. தொலைந்த ஆட்டுக்குட்டி ஒன்றைத் தேடி ஜெயபாக்கியத்தோடு அதன் ஓரமாகப் போனபோது அலிமா உள்ளே எட்டிப் பார்த்தார். முள்ளுக்கு நடுவே மரங்கள் நின்றன. கன்றுகள் இல்லை, உண்மையான மரங்கள். வெள்ளகிலும் சந்தனவேம்பும் அவர் தலைக்கு மேல் வளர்ந்து, வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. கையும் முகமும் கீறிக்கொண்டு சுற்றி வந்து எண்ணினார். இருபத்திமூன்று.

ஆட்டுக்குட்டி வேறெங்கோ கிடைத்தது. அலிமா அன்று ஹக்கீமின் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்த மரங்களைக் காட்டினார். "இந்தப் பாழாப்போன முள்ளுக்குள்ளயும் வந்துருக்கு பாருங்க" என்றார். முள்ளையும் மீறி அவை வளர்ந்திருக்கின்றன என்றுதான் அவர் பார்த்தார். ஹக்கீமும் அப்படித்தான் பார்த்தார். தோட்டத்தில் பிழைக்கிறவர்கள் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். களை எடுக்காத தோட்டத்துக்காரனை அந்த மலையில் யாரும் மதிப்பதில்லை.

சித்திரையில் மகள் சுஃபியா முழுகாமல் இருப்பதாகக் கம்பத்திலிருந்து செய்தி வந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். ஏழாம் மாதம், ஐப்பசி முதல் வாரத்தில் கூட்டி வருவது என்று முடிவானது. சுஃபியா கல்யாணமாகிப் போனதிலிருந்து பின்னறையை அலிமா அப்படியே வைத்திருந்தார். இப்போது அதற்குச் சுண்ணாம்பு அடித்தார். கட்டிலை வெயிலில் போட்டு எடுத்தார். ஆவணியில் சம்பந்தி வீட்டார் ஒரு நடை வந்து பார்த்துப் போவதாகச் சொன்னார்கள். சம்பந்தி ரமீஸா போனில் நைச்சியமாக ஒன்று கேட்டார்.

"அலிமா, தப்பா நெனக்காதீங்க. போன தடவை வந்தப்ப வீட்டுக்குப் பின்னாடி ஒரே பொதரா இருந்துச்சு. புள்ளத்தாச்சி இருக்கிற எடம். பூச்சி பொட்டு கெடக்காதுல்ல?"

அந்தச் சொல் அலிமாவுக்குச் சுருக்கென்றது. ஆவணி பிறந்த நான்காம் நாள் இரண்டு ஆட்களை வைத்து ஹக்கீமும் அலிமாவும் அந்தப் புதரை அடியோடு வெட்டினார்கள். ஒரு மரத்தின்மீதும் அரிவாள் படாமல் அலிமா தானே நின்று பார்த்துக்கொண்டார். வெட்டிய முள்ளை எல்லாம் உருட்டிக் கீழே ஓடையில் தள்ளினார்கள்.

"எல்லாத்தையும் தள்ளிறாதீங்கப்பா, என் ஆட்டுப்பட்டிக்குக் கொஞ்சம் வேணும்" என்று ஜெயபாக்கியம் சத்தம் போட்டார். அவருக்காக ஒரு குவியலை மட்டும் மூலையில் போட்டு வைத்தார்கள். ஆனால் அவர் அதை எடுக்க வரவேயில்லை.

மாலையில் சரிவு பளிச்சென்று இருந்தது. இருபத்திமூன்று மரங்கள் வரிசை கட்டியது போலத் தனித்தனியாக நின்றன. ஞாயிற்றுக்கிழமை ரமீஸாவும் மருமகன் இஜாஸும் வந்தார்கள். கறிசோறு தின்றுவிட்டுப் பின்பக்கம் வந்து நின்று பார்த்த ரமீஸா, "இப்பத்தான் வீடு வீடா இருக்கு. மரமெல்லாம் எப்படி வளர்ந்துருக்கு!" என்றார். அலிமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர்களை ஜீப்பு வரை கொண்டு விட்டுத் திரும்பி ஏறும்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார். காட்டின் விளிம்பில் ஏழெட்டு மிளாக்கள் அசையாமல் நின்று, காதுகளை முன்னால் விறைத்துக்கொண்டு, வெட்ட வெளியாகிவிட்ட சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் காலையில் எட்டுகிற உயரம் வரை இலை இல்லை. மூன்றாம் நாள் பட்டை உரிந்து தொங்கியது. எட்டாத மரங்களை அவை நெஞ்சால் சாய்த்து ஒடித்து நுனியைத் தின்றிருந்தன. கிடாக்கள் கொம்பு உரசிய மரங்கள் எலும்பு போல வெளுத்து நின்றன. அலிமா டப்பாவைத் தட்டினார், சாணிப்புகை போட்டார், வேலைக்கு மூன்று நாள் லீவு சொன்னார். அவர் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரும் நேரத்தில் இரண்டு மரம் போய்விடும். ஒன்பதாம் நாள் எண்ணியபோது ஒன்றும் இல்லை.

இல்லை, ஒன்று இருந்தது. ஜெயபாக்கியத்துக்காகப் போட்டு வைத்த முள் குவியலுக்குள் இருபத்திமூன்றில் சேராத ஒரு சின்ன வெள்ளகில் கன்றின் நுனி தெரிந்தது. குவியலைப் போடும்போது அது உள்ளே இருந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒரு இலை கூடக் குறையாமல் பளபளவென்று நின்றது. அலிமா அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஜெயபாக்கியம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முள்ளுதான்க்கா காவலு காத்துருக்கு" என்றார் அலிமா. "நான் காவக்காரன வெட்டிப்போட்டேன்."

ஜெயபாக்கியம் சரிந்து கிடந்த ஒரு முள்கிளையை எடுத்து அந்த நுனியின்மேல் சாய்த்து வைத்தார்.

புரட்டாசிக் கடைசியில் இடியோடு மழை பிடித்தது. இரண்டாம் மழைக்கு மறுநாள், வீட்டுக்கு இருபது அடி மேலே, சரிவின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருப்பதை அலிமா கண்டார். மெல்லிய வெடிப்பு. பலாக்கட்டையிலிருந்து நாவல் கட்டை வரை வளைந்து ஓடியது. முந்தானை முடிச்சில் குடோனிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஏலக்காய் ஒன்று இருந்தது. நல்ல எட்டு மில்லிக் காய். அதை வெடிப்பின் வாயில் வைத்தார். உள்ளே போகவில்லை. மேலேயே உட்கார்ந்தது. இரண்டு நாள் கழித்து, இன்னொரு மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தார். காய் இல்லை. கோழியோ அணிலோ எடுத்திருக்கலாம் என்று இன்னொரு காயை வைத்தார். அது கையை விட்டதும் சத்தமில்லாமல் உள்ளே விழுந்தது.

அன்று ஹக்கீமைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஹக்கீம் ஒரு காயைத் தானே போட்டுப் பார்த்தார். காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, "மண்ணு காஞ்சா சேந்துக்கிரும்" என்றார். குரலில் உறுதி இல்லை. பின்சுவர் அடியில் எப்போதும் தெளிவாகக் கசியும் ஊற்று அந்த வாரம் செம்மண் நிறத்தில் கசிந்தது. அடுப்படிப் பாத்திரங்கள் காரணமில்லாமல் ஒருமுறை லேசாக ஒலித்து அடங்கின. அலிமா அப்போது பின்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுஃபியாவின் தலைமாடு எந்தப் பக்கம் வரும் என்று பார்த்தார். சரிவின் பக்கம்தான் வரும்.

மறுநாள் காலையில் குடோனுக்கு வெளியே நின்று மகளுக்குப் போன் செய்தார்.

"சுஃபியா, நீ இங்க வராதத்தா."

"என்னம்மா சொல்றீங்க? வர்ற வியாழக்கிழமைன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு."

"போடியில சவுகத் பெரியத்தா வீட்டு மாடியில இருப்போம். நான் கூடவே இருக்கேன்."

"பெரியத்தா வீட்டுலயா? அம்மா வீடுன்னு ஒண்ணு இருக்கையில? மாமி என்ன நெனப்பாக? எங்கம்மாவுக்கு என்னைய வச்சுப் பாக்க முடியலன்னு நானே போய்ச் சொல்லவா?"

"சொல்லு. என்ன வேணும்னாலும் சொல்லு."

"நான் என்னம்மா பண்ணுனேன்?"

அலிமாவுக்கு வெடிப்பைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. மான் தழை தின்றது, நான் முள்ளை வெட்டினேன், அதனால் நீ பிறந்த வீட்டுக்கு வரக்கூடாது என்று எப்படிச் சொல்வது? "அந்த அறை ஈரமா இருக்குத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ரமீஸா அதற்குப் பிறகு ஒரு மாதம் பேசவில்லை. ஹக்கீமும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே பீரோவை ஆள் வைத்து இறக்கி, போடியில் தன் அண்ணன் சவுகத் அலி வீட்டு மாடிக்குக் கொண்டு வந்து சேர்த்தார். சுஃபியாவும் மனக்குறையோடு அங்கேதான் வந்தாள்; அலிமாவும் ஹக்கீமும் கூடவே தங்கினார்கள்.

கார்த்திகையில் விடாமல் மூன்று நாள் மழை. நான்காம் நாள் அலிமாவும் ஹக்கீமும் போடியிலிருந்து மேலே ஏறினார்கள். ஜெயபாக்கியம் பாதையிலேயே நின்று காத்திருந்தார். "நேத்து மத்தியானம் ஒரு சத்தம். லோடு எறக்குனாப்ல" என்றார். சரிவின் அடிப்பகுதி மட்டும் இறங்கியிருந்தது. அடுப்படிச் சுவர் உள்ளே சாய்ந்து, அடுப்பு வரை சேறு நின்றது. ஒரு பழைய கட்டை, வேரெல்லாம் இற்று, பானை வைக்கிற இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அடுப்படிக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். அது விரிசல் விட்டு நின்றது. அதற்கு மேலே, வெடிப்பு வரை உள்ள பெரும்பங்கு இன்னும் இறங்கவில்லை. வெடிப்பு இப்போது கால் நுழையும் அகலம்.

ஹக்கீம் ஒரு போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். சுஃபியா அதை மாமியாருக்கு அனுப்பினாள். சற்று நேரம் கழித்து ரமீஸாதான் கூப்பிட்டார். "அலிமா" என்றார். பிறகு, "நாளைக்கு நான் போடிக்கு வர்றேன்" என்றார்.

வாசல் கதவையும் பின்னறைக் கதவையும் நிலையோடு கழற்றி ஜீப்பில் ஏற்றினார்கள். மலையில் ஒரு வீட்டை விட்டுப் போகிறவர்கள் கடைசியாக எடுப்பது கதவைத்தான்.

தையில் சுஃபியாவுக்கு மகன் பிறந்தான். நாற்பது நாள் கழிந்ததும் அலிமா வாரம் ஒருமுறை மலைக்கு வரத் தொடங்கினார். ஓடையில் தள்ளிய முள்ளை எல்லாம் ஜெயபாக்கியத்தின் கவைக்கோலால் இழுத்து, கட்டு கட்டாகத் தலையில் சுமந்து, சரிவின் ஓரங்களில் மொட்டையாக நிற்கும் கன்றுகள்மீது போடுகிறார். வெடிப்புக்குக் கீழே உள்ள சரிவில் மட்டும் கால் வைப்பதில்லை. முப்பது குவியல் ஆகிவிட்டது. முதல் குவியலில் நின்ற வெள்ளகில் ஒரு சாண் உயர்ந்திருக்கிறது. அதன் வேர் மண்ணைப் பிடிக்கப் பத்து வருடம் ஆகும் என்று தங்கபாண்டியன் சொன்னார். மேலே தொங்குகிற மண்ணுக்கு அவ்வளவு காலம் இருக்கிறதா என்று அவருக்கும் தெரியவில்லை.

போன வாரம், மழையில்லாமல் மண் காய்ந்து கிடந்ததால், தண்ணீர்க் குடத்தை எடுக்க அலிமா வீட்டுக்குள் போனார். கதவில்லாத பின்னறையில், கட்டில் கிடந்த இடத்தில், கரும்பச்சையாகப் புழுக்கைகள் சிதறிக் கிடந்தன. ஈரம் காயவில்லை. சுண்ணாம்புச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கொம்பு உரசிய கோடுகள். அலிமா பழக்கதோஷத்தில் மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்தார். குனிந்தார். பிறகு அதை இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த முள்கட்டை எடுக்க வெளியே போனார்.